பெட்டிக்குப் பணம் உண்டு, பாட்டுக்கு இல்லையா?

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், தாராவியில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை நடத்திவரும் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க இங்கே வெளியிடுகிறோம். — ஆசிரியர் குழு)

தலைவர் அவர்களே, சங்கத்தின் பெரியோர்களே, தாய்மார்களே, தோழர்களே, பின்வரிசையில் நின்றபடி கைப்பேசியில் என்னைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே!

நான் மேடைப் பேச்சாளன் அல்லன், கடைக்காரன். கைப்பேசி உடைந்தால் ஒட்டுகிறவன். உங்கள் கைப்பேசிகள் அடிக்கடி கீழே விழ வேண்டும் என்பதுதான் என் தொழிலின் பிரார்த்தனை. (சிரிப்பு) அப்படிப்பட்ட நான் இன்று என் தொழிலையும் சேர்த்துக் கேள்வி கேட்கப் போகிறேன். ஆகவே பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன்.

சென்ற மாதம் நம் தம்பி ஒருவர் கடைக்கு வந்தார். நல்ல பிள்ளை. இரத்ததானம் என்றால் முதலில் நிற்பவர். ஒரு வீட்டில் சாவு என்றால் பந்தல் போட முதலில் ஓடுகிறவர். 20,000 ரூபாய்க்கு வாங்கிய கைப்பேசியின் கண்ணாடி உடைந்துவிட்டது. மாற்ற 4,500 ரூபாய் ஆகும் என்றேன். ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. எடுத்துக் கொடுத்தார். அப்போதுதான், "தம்பி, நம் சங்கத்து மாத இதழுக்கு ஆண்டுச் சந்தா 200 ரூபாய் பாக்கி இருக்கிறதே" என்று நினைவூட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணாச்சி, அதற்கு எதற்குச் சந்தா? முதல் தேதியே வாட்ஸ்அப்பில் முழுப் புத்தகமும் வந்துவிடுகிறதே!"

தோழர்களே, நான் அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, களவு செய்கிறோம் என்ற எண்ணமும் அவருக்கு இல்லை. 4,500 ரூபாயை எண்ணித் தந்த கை, 200 ரூபாய்க்கு ஏன் நீளவில்லை? இதுதான் என் பேச்சின் பொருள். நம்மில் யாருக்கும் இன்று பணமே இல்லை என்பதல்ல. ஏந்தி வரும் பெட்டிக்குக் கொடுக்கிறோம். அந்தப் பெட்டியில் ஏறிவரும் பாட்டுக்கும் எழுத்துக்கும் கொடுப்பதில்லை. கொடுக்க வேண்டும் என்ற நினைவே நமக்கு வருவதில்லை.

நானும் செய்த தவறு

பிறரைச் சொல்வதற்கு முன்னால் என்னைச் சொல்லிவிடுகிறேன்.

1983-ல் தாராவி 90 அடி சாலையில் நான் ஒலிநாடாக் கடை வைத்திருந்தேன். அந்நாளில் வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்கள் தோளில் ஒரு டேப்ரெக்கார்டரைச் சுமந்து வருவார்கள். வீட்டில் கட்டில் இருக்காது, டேப்ரெக்கார்டர் இருக்கும். எந்தப் பாட்டு வேண்டுமென்று தாளில் எழுதிக்கொண்டு என் கடைக்கு வருவார்கள். வெற்று நாடா, அதில் 60 நிமிடத்துக்குப் பாட்டு, நாடா விலையும் பதிவுக் கூலியும் சேர்த்து 25 ரூபாய். நாடா செய்த கம்பெனிக்குப் பணம் போயிற்று. மின்சாரத்துக்குப் பணம் போயிற்று. எனக்கும் கூலி வந்தது. பாட்டு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் பாடியவருக்கும் ஒரு காசும் போகவில்லை. அதை நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

தோல் ஷாப்பில் வேலை பார்த்த தோழர் ஒருவர் அப்போது நம் பகுதியில் இருந்தார். பகலெல்லாம் தோலும் சுண்ணாம்பும். இரவில் பாட்டு எழுதுவார். ஊரை விட்டு வந்த கதையையும், மழைக்காலத்தில் குடிசைக்குள் தண்ணீர் புகுந்த கதையையும் மேடையில் பாடுவார். ஒருமுறை யாரோ அவர் பாட்டைக் கூட்டத்தில் பதிவு செய்து என்னிடம் கொடுத்தார்கள். நன்றாக விற்றது. எத்தனை நாடா போட்டேன் என்று கணக்கு வைக்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுவதும் அதுவே ஓடிற்று.

ஒருநாள் அவரே கடைக்கு வந்தார். கடை வாசலில் அவர் குரல் ஒலித்துக்கொண்டிருந்தது. சற்று நேரம் நின்று கேட்டார். பிறகு, "தம்பி, இதில் எனக்கு ஒன்று போட்டுத் தருவாயா? ஊருக்கு அனுப்ப வேண்டும், அம்மா கேட்க" என்றார். போட்டுக் கொடுத்தேன். 25 ரூபாய் என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆம், தோழர்களே! பாடியவரிடமே அவர் பாட்டுக்கு நான் விலை வாங்கினேன். அவரும் கொடுத்தார். எனக்கும் கூசவில்லை, அவருக்கும் அது அநியாயம் என்று தோன்றவில்லை. நாடாவுக்கு விலை உண்டு, குரலுக்கு விலை இல்லை என்பதை இருவருமே இயற்கை நியதிபோல ஏற்றுக்கொண்டிருந்தோம். அவர் இன்று இல்லை. இந்த மேடையில் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று பல ஆண்டுகளாக நினைத்திருந்தேன்.

கைப்பேசியின் விலைக்குள் யார் யார் இருக்கிறார்கள்?

இப்போது அந்தத் தம்பியின் 20,000 ரூபாய்க் கைப்பேசியைப் பிரித்துப் பார்ப்போம். திருப்புளி எடுத்துப் பிரிப்பது என் தொழில். இன்று கணக்கைக் கொண்டு பிரிக்கிறேன்.

முதலில் அரசாங்கம். கைப்பேசிக்குச் சரக்கு சேவை வரி 2020 ஏப்ரல் முதல் தேதி 12 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாக உயர்ந்தது. ஆக 20,000 ரூபாயில் ஏறத்தாழ 3,050 ரூபாய் வரி. அடுத்து கடைக்காரர், மொத்த வியாபாரி, இறக்குமதி செய்பவர், உறுப்புகளைச் செய்தவர், பொருத்தியவர். இவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு என்பது யாவரும் அறிந்ததே.

யாவரும் அறியாத ஒரு பங்கும் உள்ளே இருக்கிறது. அலைவரிசையில் குரலையும் தரவையும் அனுப்பும் முறைகளைக் கண்டுபிடித்த கம்பெனிகள் அவற்றுக்குப் பேட்டண்ட் வாங்கி வைத்திருக்கின்றன. விற்கும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் அவற்றுக்கு உரிமைத் தொகை போக வேண்டும். 2013-ல் எரிக்சன் கம்பெனி, நம் நாட்டு மைக்ரோமாக்ஸ் கம்பெனியின் மீது தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. கைப்பேசியின் விற்பனை விலையில் இத்தனை சதவிகிதம் என்று கணக்கிட்டு இடைக்காலத்தில் தொகை கட்ட ஏற்பாடாயிற்று. விலையில் சதவிகிதம் என்பதைக் கவனியுங்கள்!

இன்னொன்று சொல்லுகிறேன். பாட்டைச் சுருக்கிச் சின்னக் கோப்பாக்கும் எம்.பி.3 என்ற முறையை நாம் அறிவோம். அதை உருவாக்கியவர்களில் முதன்மையானது ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம். எம்.பி.3 பாடும் கருவி ஒன்றுக்கு 75 அமெரிக்க சென்ட் என்று விலைப்பட்டியல் போட்டு அதற்கான உரிமைத் தொகை வசூலிக்கப்பட்டது. 2017 ஏப்ரலில்தான் அந்த உரிமத் திட்டம் முடிவுக்கு வந்தது.

இதில் நான் குற்றம் காணவில்லை. மூளையைச் செலவழித்துக் கண்டுபிடித்தவனுக்குக் கூலி வேண்டும். நான் கேட்பது இதுதான்: பாட்டைச் சுருக்கும் வழியைக் கண்டுபிடித்தவனுக்குக் கருவிக்கு இவ்வளவு என்று பங்கு உண்டு. அப்படிச் சுருக்கப்பட்ட பாட்டை எழுதியவனுக்கு அதே கருவியில் ஏன் பங்கு இல்லை? "கருவி விற்கும்போது யாருக்குப் பாட்டு, எத்தனை பாட்டு என்று எப்படிக் கணக்கிடுவது? நடைமுறைக்கு ஒத்து வராது" என்று சிலர் சொல்லுவார்கள். பேட்டண்டுக்கு நடைமுறைக்கு ஒத்து வந்தது. அங்கே கேட்டவர்கள் பெரிய கம்பெனிகள். வக்கீல் வைத்துக் கேட்டார்கள். பாட்டு எழுதியவன் தனியாக நின்றான். அவன் கேட்கவே இல்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

கடையத்திலிருந்து ஒரு கடிதம்

தனியாக நின்றவனின் கதை நமக்குப் புதிதல்ல. நம்மில் பாதிப்பேர் நெல்லைச் சீமைக்காரர்கள். தென்காசிக்குப் பக்கத்தில் கடையம் நமக்குத் தெரிந்த ஊர். 1920-ல் அங்கிருந்து பாரதியார் நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம்மிடம் 40 நூல்கள் உள்ளன, ஒவ்வொன்றையும் 10,000 படி அச்சிட வேண்டும், ஆக 4 லட்சம் படிகள், அதற்கு முதல் வேண்டும் என்று கேட்டார். அவை மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல எங்கும் சாதாரணமாக விற்கும் என்று நம்பிக்கையோடு எழுதினார்.

எவ்வளவு சரியான உவமை! விளக்கெரிக்க மண்ணெண்ணெய் வாங்காத வீடு அன்று இல்லை. அந்த விளக்கடியில் வைத்துப் படிக்கும் புத்தகத்துக்குத்தான் காசு வரவில்லை. பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் வறுமையிலேயே மறைந்தார்.

அதன் பிறகு நடந்ததையும் பாருங்கள். கிராமபோனும் வானொலியும் பேசும் படமும் வந்தன. இசைத்தட்டில் ஏற்றவும் படத்தில் சேர்க்கவும் பாரதி பாட்டு வேண்டியிருந்தது. உடனே அதற்கு விலை பிறந்தது. ஒலிப்பதிவு உரிமை ஒரு வணிகர் கைக்குப் போய், அவரிடமிருந்து ஏவி. மெய்யப்பன் கைக்கு வந்தது. 1948-ல் வெளிவந்த பில்ஹணன் படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்ததற்காக டி.கே.எஸ். சகோதரர்களோடு வழக்கே மூண்டது. பாரதியின் பாட்டு பொதுச் சொத்தாக வேண்டும் என்ற கிளர்ச்சி எழுந்தது. 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு உரிமைகளைப் பெற்றது. மெய்யப்பன் தம் உரிமைக்குப் பணம் வாங்காமல் விட்டுக் கொடுத்தார். செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் அரசு தொகை வழங்கியது. நல்ல காரியம்தான். பாட்டு எழுதியவர் கண்மூடி 28 ஆண்டுகள் கழித்து நடந்த நல்ல காரியம்!

கருவி வரும்போதெல்லாம் பாட்டின் மதிப்பு கூடுகிறது. கூடிய மதிப்பு பாடியவன் வீட்டுக்குப் போய்ச் சேருவதில்லை. இந்த நூறாண்டுப் பாடத்தை நாம் மறந்துவிடலாகாது.

மாலாட் ரயில் நிலையம்

"காலம் மாறிவிட்டது, இன்று கலைஞர்கள் கோடியில் புரளுகிறார்கள்" என்று ஒருவர் சொல்லக்கூடும். நம் கண்ணுக்குத் தெரிகிற சிலர் அப்படி இருக்கலாம். தெரியாதவர்களைப் பற்றிப் பேசுவோம்.

1977-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. படத் தயாரிப்பாளர் கூலி கொடுத்து மெட்டோ பாட்டோ செய்யச் சொன்னால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், அதன் உரிமை தயாரிப்பாளருக்கே என்றது தீர்ப்பு. அதே தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். பாடுகிறவனுக்கு நம் சட்டத்தில் உரிமையே இல்லாதிருப்பதைச் சுட்டி, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்றார். பாடகருக்கும் நடிகருக்கும் நிகழ்த்துகிறவர் என்ற முறையில் உரிமை கிடைத்தது 1994 திருத்தத்தில். பாட்டாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் வழி பிறந்தது 2012-ல். கணக்குப் போடுங்கள்: 35 ஆண்டுகள்!

அந்த 2012 சட்டத்துக்காக மாநிலங்களவையில் வாதாடியவர் கவிஞர் ஜாவேத் அக்தர். அவர் பேச்சில் நம் மும்பையின் ஒரு காட்சியைச் சொன்னார். மகல் என்ற புகழ்பெற்ற படத்துக்கு இசையமைத்தவர் கேம்சந்த் பிரகாஷ். அவர் மறைந்த பிறகு அவர் மனைவி மாலாட் ரயில் நிலையத்தில் பிச்சை எடுத்து வாழ்ந்தார் என்றார். நாம் நாள்தோறும் கடந்து போகிற மாலாட்! அந்தப் பிளாட்பாரத்தில் நின்ற எத்தனை பேர் அன்று மகல் படத்துப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அவரைத் தாண்டிப் போனார்களோ!

அந்தச் சட்டம் என்ன செய்தது? படத்திலும் ஒலிப்பதிவிலும் சேரும் பாட்டுக்கும் இசைக்கும், திரையரங்கில் படத்தோடு காட்டுவது தவிர்த்த பிற பயன்பாடுகளில், ஆக்கியவருக்குச் சமபங்கு உரிமைத் தொகை உண்டு என்றது. இதில் முக்கியமான இடம் அடுத்துதான் வருகிறது. அந்தப் பங்கை அவரே விரும்பினாலும் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க முடியாது; வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே கொடுக்கலாம். ஏன் இப்படி? அடுப்பில் உலை வைக்க வழியில்லாதவன் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவான். அந்தக் கையெழுத்து செல்லாது என்று சட்டமே சொன்னால்தான் அவன் பிழைப்பான். குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் தத்துவமும் இதுதானே?

சட்டம் வந்த பிறகும் நம் மனம் மாறிற்றா? 2017-ல் இளையராஜா தம் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடுவது பற்றி எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். சட்டப்படி எது யாருக்கு உரியது என்பதை நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். அதற்குள் நான் போகவில்லை. என் கடையில் அன்று நடந்த பேச்சைத்தான் சொல்லுகிறேன். "இத்தனை சம்பாதித்த பிறகும் இவருக்கு ஏன் இந்தப் பேராசை?" என்றார்கள். அப்படிப் பேசியவர்களில் ஒருவர் கையில் அன்றைக்கு வாங்கிய புதுக் கைப்பேசி இருந்தது. அதைச் செய்த கம்பெனி எத்தனை சம்பாதித்திருக்கிறது, அதற்கு ஏன் பேராசை என்று அவர் கேட்கவில்லை. கம்பெனி விலை கேட்டால் வியாபாரம். கலைஞன் விலை கேட்டால் பேராசை! இந்த எண்ணத்தைத்தான் மாற்ற வேண்டும்.

பிற நாட்டார் செய்தது

வழி இல்லையா? இருக்கிறது.

ஜெர்மனியில் 1965-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஓர் ஏற்பாடு செய்தது. வீட்டில் மக்கள் சொந்தத்துக்குப் பதிவு செய்துகொள்வதைத் தடுக்க முடியாது. வீடு வீடாகப் போலீசை அனுப்புவதும் நாகரிகம் அல்ல. ஆகவே பதிவு செய்யும் கருவியைச் செய்கிறவரும் இறக்குமதி செய்கிறவரும் ஒரு தொகை கட்ட வேண்டும், அது ஆக்கியவர்களுக்குப் பகிரப்பட வேண்டும் என்றது. 1985-ல் அது வெற்று நாடாவுக்கும் நகலெடுக்கும் பொறிக்கும் விரிந்தது. பிறகு கைப்பேசிக்கும் வந்தது. 2015-ல் தொழில் துறையோடு ஏற்பட்ட உடன்பாட்டில், வீட்டு உபயோகக் கைப்பேசிக்கு 6.25 யூரோ என்று வைத்தார்கள். அங்கே எழுத்தாளர்களுக்கென்று 1958 முதல் ஒரு வசூல் சங்கம் உண்டு. இவ்வாறு வரும் தொகையில் எழுத்தாளருக்குரிய பங்கை அது பிரித்துக் கொடுக்கிறது. பிரான்சில் 1985 சட்டப்படி, இப்படி வசூலாவதில் நாலில் ஒரு பங்கு புதிய கலை முயற்சிகளுக்கும் மேடை நிகழ்ச்சிகளுக்கும் போக வேண்டும்.

இந்தியாவில் இத்தகைய தொகை இல்லை. கைப்பேசிக்கு 18 சதவிகித வரி உண்டு. அதில் எழுத்தாளனுக்கென்று ஒதுக்கீடு ஒரு காசும் இல்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. மூடி மறைக்காமல் சொல்லுகிறேன்.

"ஏழையின் கைப்பேசிக்கு இன்னும் விலை ஏற்றுவதா?" என்பது முதல் கேள்வி. நியாயமான கேள்வி. தாராவியில் 7,000 ரூபாய்க் கைப்பேசியைத் தவணையில் வாங்குகிற தாய்மார்களை நான் அறிவேன். அவர்களுக்கு அது ரேஷன் கடைக்கும் பள்ளிப் பாடத்துக்கும் வேண்டிய கருவி. ஆகவே குறைந்த விலைக் கைப்பேசிக்கு விலக்கு வேண்டும் என்பேன். மற்றவற்றுக்கும், இப்போது வாங்கும் வரியிலிருந்தே ஒரு சிறு பங்கை ஒதுக்கினால் விலை ஏற வேண்டியதில்லை.

"சந்தா கட்டிப் பாட்டுக் கேட்பவனிடம் இரண்டு முறை வாங்குவதா?" என்பது இரண்டாவது. சந்தா கட்டிக் கேட்பதற்கு அதன் வழியாகவே உரிமைத் தொகை போகிறது. இந்தத் தொகை, கணக்கில் வராமல் கைமாறும் படிகளுக்கு மட்டும். ஆகவே அது சிறியதாகவே இருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. வசூலாகும் பணம் யாருக்குப் போகும்? இந்திப் படப் பெரிய பெயர்களுக்கே போய்விடாதா? தமிழில் சிறுகதை எழுதுகிறவனுக்கும், பறை அடிக்கிறவனுக்கும், வில்லுப்பாட்டுப் பாடுகிறவருக்கும் வருமா? தானாக வராது. தனிப் பங்கு என்று எழுதி வைத்தால்தான் வரும். பிரான்சு எழுதி வைத்திருக்கிறது. நம் மொழிகளுக்கும் நாட்டார் கலைகளுக்கும் அப்படி ஒரு பங்கு இல்லாத திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

"இதெல்லாம் வெளிநாட்டு ஏற்பாடு, நமக்கு ஒத்து வருமா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வானொலிப் பெட்டி வைத்திருந்தால் தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். என் தகப்பனார் 15 ரூபாய் கட்டிய புத்தகம் இன்றும் என் வீட்டில் இருக்கிறது. 1985-ல்தான் அது ஒழிந்தது. பெட்டி வைத்திருப்பவன் அதில் வரும் நிகழ்ச்சிக்காக ஆண்டுக்கொரு தொகை கட்டுவது நம் மண்ணில் நடந்த காரியமே.

தமிழகத்தில் 1948-ல் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் சட்டம் அது, எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்ட சட்டம். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வாங்க வழி செய்தது. நூலகத்துக்குள் கால் வைக்காதவனும் கட்டினான். அந்தப் பணத்தில்தான் ஊர் ஊராக நூலகம் வந்தது. தமிழ்ப் புத்தகத்துக்கு வாங்க ஆள் கிடைத்தது. ஊரில் இருந்த காலத்தில் அந்த நூலகங்களில்தான் நம்மில் பலர் படித்தோம். வீட்டுக்கு வரி வாங்கிப் புத்தகம் வாங்கலாம் என்று அன்றே நினைத்தவர்கள் நம் முன்னோர்.

நாம் செய்யக்கூடியது

நாடாளுமன்றம் செய்ய வேண்டியதற்கு மனுப் போடுவோம், குரல் கொடுப்போம். ஆனால் 1977-லிருந்து 2012 வரை ஆனது போல இதற்கும் காலம் ஆகலாம். அதுவரை நம் கை சும்மா இருக்க வேண்டுமா? நம் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்ப்போம்.

சென்ற பொங்கல் விழாவுக்கு ஒலிபெருக்கிக்குப் பணம் கொடுத்தோம். பந்தலுக்குக் கொடுத்தோம். வீடியோ எடுத்தவருக்குக் கொடுத்தோம். நாடகம் எழுதிய தோழருக்குப் பொன்னாடை போர்த்தினோம். பொன்னாடையைக் கடையில் அரிசிக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள், தோழர்களே! (கைதட்டல்)

நம் மாத இதழில் எழுதுகிறவர்களுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? இரண்டு படி இதழ். அச்சகத்தார் அப்படி ஏற்றுக்கொள்வாரா? காகிதக் கடைக்காரர் "இனத்துக்காக" என்று இலவசமாகக் கொடுப்பாரா? எழுதுகிறவன் மட்டும் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

ஆகவே இந்தப் பொதுக்கூட்டத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது: இனி நம் மேடையில் பாடுகிறவர், ஆடுகிறவர், நாடகம் எழுதுகிறவர், இதழில் எழுதுகிறவர் ஒவ்வொருவருக்கும், தொகை சிறியதே ஆனாலும், பந்தல்காரருக்குக் கொடுப்பது போலவே முன்கூட்டிப் பேசி, ரசீது வாங்கிப் பணமாகக் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்பவர் வாங்கிக்கொண்டு சங்கத்துக்கு நன்கொடையாகத் திருப்பித் தரட்டும். அது அவர் பெருமை.

இரண்டாவது: மேடையில் பாடுவதைப் பதிவு செய்து வெளியிடுவதானால் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். நம் கலைஞர்களுக்கும் ஒரு செய்தி: பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எழுதிக் கொடுக்கும் தாளில் காலம் குறிக்கவில்லை என்றால் சட்டப்படி 5 ஆண்டுதான். எந்த நிலப்பரப்புக்கு என்று குறிக்கவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும்தான். கையெழுத்துப் போடும் முன் இதை நினைவில் வையுங்கள். தெரியாவிட்டால் சங்கத்துக்கு வாருங்கள். நம்மிடையே வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது: நம் இதழை வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நிறுத்தச் சொல்லவில்லை. படிக்கிறவன் படிக்கட்டும், எழுத்து பரவத்தான் எழுதப்படுகிறது. அனுப்பும்போது கூடவே சந்தா கட்டும் எண்ணையும் அனுப்புங்கள். கைப்பேசிக்கு 28 நாளைக்கு ஒருமுறை மறக்காமல் ரீசார்ஜ் செய்கிறோம். ஒருநாள் தவறினால் துடித்துப் போகிறோம். ஆண்டுக்கு ஒருமுறை 200 ரூபாயை நினைவில் வைப்பது பெரிய பாரம் அல்ல. முடியாதவர்கள் உண்டு, அவர்களுக்கு இலவசமாகவே போகட்டும். முடிந்தவர்கள் கட்டினால்தான் முடியாதவர்களுக்குக் கொடுக்க முடியும்.

வயிற்றுக்காக ஊரை விட்டு வந்தோம். வந்த இடத்தில் நம் மொழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். பாட ஆள் வேண்டும். எழுத ஆள் வேண்டும். சென்னையில் இருப்பவனுக்கு ஒரு பத்திரிகை நின்றால் இன்னொன்று இருக்கும். நமக்கு இந்த ஒன்றுதான். கைப்பேசியில் உலகத்துப் பாட்டெல்லாம் வரலாம். மழைக்காலத்துத் தாராவியைப் பற்றித் தமிழில் ஒரு பாட்டு வேண்டுமானால், அதை நம்மில் ஒருவர்தான் எழுத வேண்டும். அவர் எழுதாமல் போனால், அந்தப் பாட்டை எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கும் கைப்பேசியிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

நான் 1983-ல் ஒரு தோழரிடம் 25 ரூபாய் வாங்கினேன் என்று சொன்னேன். அதை அவரிடம் திருப்பித் தர இனி வழியில்லை. ஆகவே நான் சொன்ன முதல் கோரிக்கைக்கு ஒரு நிதி தொடங்குவதானால், என் கடையின் ஒரு மாத வருமானத்தை முதல் தொகையாகக் கட்டுகிறேன். பொருளாளர் இப்போதே எழுதிக்கொள்ளட்டும். அடுத்துக் கட்டுகிறவர் யார் என்று கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)

(இவ்வுரையின் முடிவில் மூன்று கோரிக்கைகளும் வாக்கெடுப்புக்கு விடப்பட்டன. முதலிரண்டும் ஒருமனதாக ஏற்கப்பட்டன. மூன்றாவது, விவாதத்துக்குப் பின் பெரும்பான்மையால் ஏற்கப்பட்டது. சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரைப் பார்க்கவும். — ஆசிரியர் குழு)